தன்னைத் தானே கணக்குப் பார்த்த மனிதர்



பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று தலைமையாசிரியர் அவர்கள் கேட்டபோது, யாரைப் பற்றி எழுதலாம் என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. அண்ணல் காந்தியடிகளின் படம் நம்ம தோட்டத்தில் பல வீடுகளின் சுவரில் தொங்குகிறது. பேராக், சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை என்றே ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. அவரைத் தெரியாதவர் யார்?

ஆனால் நாம் படத்தில் பார்ப்பது பொக்கை வாயும் கைத்தடியும் உள்ள தாத்தாவைத்தான். அந்தத் தாத்தா ஒரு காலத்தில் நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே நடுங்கிய பையன். பரீட்சையில் தோற்றவர். முதல் வழக்கிலே பேச முடியாமல் உட்கார்ந்தவர். வேலை கேட்டுப் போய், இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர். அப்படிப்பட்டவர் எப்படி உலகம் போற்றும் மனிதர் ஆனார்? அதற்கு நான் கண்ட விடை ஒன்றுதான். தன்னிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஒளிக்காமல் பார்க்கத் தெரிந்தவர் அவர். கடைக்காரர் கணக்குப் பார்ப்பதுபோல, அவர் தன்னையே கணக்குப் பார்த்தார். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

கூச்சம் நிறைந்த பையன்

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் இந்தியாவின் மேற்குக் கரையில் உள்ள போர்பந்தரில் பிறந்தார். தந்தை சமஸ்தானத்தில் திவானாக இருந்தவர். தாயார் புத்லிபாய், விரதம் தவறாத பக்திமான். மோகன்தாஸ் படித்தது பெரும்பாலும் ராஜ்கோட்டில். படிப்பில் சாதாரணம்தான். பள்ளிக்கூட மணி அடித்ததும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடுவார். நின்றால் யாராவது பேச்சுக் கொடுப்பார்களே, கேலி செய்வார்களே என்று பயம்.

உயர்நிலைப் பள்ளியில் முதல் வருடம். ஒரு நாள் கல்வி அதிகாரி வகுப்பைப் பார்வையிட வந்து, ஐந்து ஆங்கிலச் சொற்களை எழுதச் சொன்னார். ‘கெட்டில்’ என்ற சொல்லை மோகன்தாஸ் தப்பாக எழுதிவிட்டார். வாத்தியார் பூட்ஸ் நுனியால் அவர் காலைத் தட்டி, பக்கத்துப் பையனின் பலகையைப் பார்த்து எழுது என்று சாடை காட்டினார். இவருக்கு அது விளங்கவே இல்லை. காப்பி அடிக்காமல் பார்த்துக்கொள்ளத்தானே வாத்தியார் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்! மற்ற எல்லாரும் சரியாக எழுதியிருந்தார்கள். இவர் ஒருவருக்குத்தான் தப்பு. வாத்தியார் பிறகு இவருடைய மடத்தனத்தை எடுத்துச் சொன்னார். இருந்தாலும் காப்பியடிக்கும் கலை அவருக்கு வரவே இல்லை.

அதற்காக அவர் குற்றமே செய்யாத பிள்ளை என்று எண்ணிவிடாதீர்கள். பதினைந்து வயது இருக்கும்போது ஒரு திருட்டு செய்தார். அண்ணனுக்கு இருபத்தைந்து ரூபாய் அளவுக்குக் கடன் ஏறிவிட்டது. அண்ணன் கையில் கெட்டித் தங்கக் காப்பு ஒன்று இருந்தது. அதில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் கடனை அடைத்தார்கள். கடன் தீர்ந்தது, ஆனால் மனசு தீரவில்லை. அப்பாவிடம் வாயால் சொல்லத் தைரியம் இல்லை. ஒரு கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதி, தண்டனையும் கேட்டு, நோயில் படுத்திருந்த அப்பாவின் கையில் கொடுத்தார். அப்பா எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து காகிதம் நனைந்தது. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, கடிதத்தைக் கிழித்துப் போட்டார். அடி இல்லை, திட்டு இல்லை. தப்பை ஒப்புக்கொண்டால் மனிதன் சிறுத்துப் போகமாட்டான் என்பதை மோகன்தாஸ் அன்று கற்றுக்கொண்டார்.

அவருக்குக் கையெழுத்தும் நன்றாக இராது. நல்ல கையெழுத்து படிப்புக்கு அவசியமில்லை என்று சின்ன வயசில் எப்படியோ ஓர் எண்ணம். பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் மற்ற வக்கீல்களின் முத்துமுத்தான எழுத்தைப் பார்த்தபோது வெட்கப்பட்டார். திருத்திப் பார்த்தார், காலம் கடந்துவிட்டது. இந்த இடத்தை மாணவர்கள் இரண்டு தடவை படிக்க வேண்டுகிறேன்.

லண்டனில் மூன்று மாத மயக்கம்

தந்தை 1885-இல் காலமானார். மோகன்தாஸ் 1887-இல் மெட்ரிகுலேஷன் தேறி, பவநகர் கல்லூரியில் சேர்ந்தார். பாடம் ஒன்றும் புரியவில்லை. ஒரு பருவம் முடிந்ததும் வீடு திரும்பிவிட்டார். பிறகு குடும்ப நண்பர் ஒருவரின் யோசனைப்படி, சட்டம் படிக்க 1888 செப்டம்பரில் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். வயது இன்னும் பத்தொன்பது நிறையவில்லை. கஸ்தூரிபாயுடன் பதின்மூன்றாம் வயதிலேயே திருமணம் ஆகிவிட்டது. ஊரில் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுப் போனார்.

லண்டன் போனதும் என்ன செய்தார் தெரியுமா? வெள்ளைக்காரத் துரை மாதிரி ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டார். பத்துப் பவுன் கொடுத்து மாலை நேர உடுப்பு தைத்தார். உயரமான தொப்பி வாங்கினார். பெரிய கண்ணாடி முன்னால் தினமும் பத்து நிமிடம் நின்று, கழுத்துப் பட்டையைக் கட்டி வகிடு எடுத்தார். நடனம் கற்க மூன்று பவுன் கட்டினார். பியானோ ஒரு பக்கம் போகும், இவர் கால் ஒரு பக்கம் போகும். சரி, காதைப் பழக்குவோம் என்று மூன்று பவுனுக்கு ஒரு வயலின் வாங்கினார். அழகாகப் பேசக் கற்க இன்னொரு வாத்தியார், பிரெஞ்சு மொழிக்கு வேறு பாடம்.

சுமார் மூன்று மாதம் இப்படிப் போயிற்று. பிறகு தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். நான் என்ன இங்கிலாந்திலேயே ஆயுள் முழுக்க இருக்கப் போகிறேனா? வயலினை ஊரிலேயே கற்கலாமே? நான் மாணவன். அண்ணன் பாடுபட்டு அனுப்பும் பணத்தில் படிக்க வந்தவன். நடனம் தெரிந்தால் நான் கனவான் ஆகிவிடுவேனா? விடை தெளிவாகக் கிடைத்தது. வாத்தியார்களுக்கெல்லாம் சொல்லி நிறுத்திவிட்டு, வயலினை விற்றுவிட ஏற்பாடு செய்தார்.

உடுப்பில் சுத்தமாக இருக்கும் பழக்கம் மட்டும் இன்னும் பல வருடம் அவரிடம் இருந்தது. ஒரே நாளில் மனிதன் மாறிவிடுவதில்லை. ஆனால் எங்கே தவறுகிறோம் என்று ஒருமுறை பார்த்துவிட்டால், மாறுவதற்கு வழி பிறக்கிறது.

காசுக் கணக்கு, மனசுக் கணக்கு

அதற்குப் பின் காந்தி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். செலவாகும் ஒவ்வொரு காசையும் எழுதினார். பஸ் கட்டணம், தபால் தலை, பத்திரிகைக்குக் கொடுத்த சில்லறை எதையும் விடவில்லை. இரவு படுக்கப் போகுமுன் கூட்டிப் பார்த்து, கையிருப்பு சரியாக இருந்தால்தான் படுக்கை.

நம்ம வீடுகளில் 555 புத்தகம் தெரியாதவர் உண்டா? கடைக் கடன், பால் கடன் எல்லாம் அதில்தான் எழுதுகிறோம். ஆனால் கடைக்காரர் எழுதுகிறார், நாம் மாதக் கடைசியில் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம். காந்தி தானே எழுதினார், தினமும் பார்த்தார். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

கணக்கு எழுத எழுத, பணம் எங்கே கரைகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்தவர் தனி அறைகளுக்கு மாறினார். பிறகு ஒரே அறை போதும் என்றார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும் தாமே காய்ச்சிக்கொண்டார். வண்டிச் செலவை மிச்சப்படுத்தி நாளைக்கு எட்டு, பத்து மைல் நடந்தார். அந்த நடை உடம்பையும் வலுவாக்கியது. பிற்காலத்தில் பொதுமக்கள் பணம் லட்சக்கணக்கில் அவர் கை வழியாகப் போனது. கடன் விழாமல் அந்தப் பணத்தை அவர் நடத்தியதற்கு, லண்டன் அறையில் எழுதிய காசுக் கணக்கே அஸ்திவாரம்.

லண்டன் மெட்ரிகுலேஷன் பரீட்சையும் எழுதினார். லத்தீன் பாடத்தில் தோல்வி. மனம் ஒடிந்து போகவில்லை. எங்கே பலம் குறைவு என்று பார்த்து, மறுபடி படித்து, இரண்டாம் முறை தேறினார். 1891 ஜூன் 10-ஆம் நாள் பாரிஸ்டர் ஆனார். 12-ஆம் நாள் ஊருக்குக் கப்பல் ஏறினார்.

பாரிஸ்டர்தான், பேச வரவில்லை

லண்டன் சைவ உணவுச் சங்கத்தில் அவர் நிர்வாகக் குழு உறுப்பினர். ஆனால் கூட்டத்தில் வாய் திறக்கமாட்டார். ஒருமுறை முக்கியமான ஒரு விவாதம். தன் கருத்தைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனார். அதைக்கூட எழுந்து படிக்க முடியவில்லை. வேறொருவர் படித்தார். ஊர் திரும்புமுன் நண்பர்களுக்கு விருந்து வைத்து, பேச எழுந்தார். முதல் வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பம்பாயில் முதல் வழக்கு. சம்பளம் முப்பது ரூபாய். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது, நீதிமன்றமே சுற்றுவதுபோல் இருந்தது. ஒரு கேள்வியும் வரவில்லை. உட்கார்ந்து, வேறு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிவிட்டார். அதன்பின் பம்பாயில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு மனுப் போட்டார். தினம் ஒரு மணி நேரம், சம்பளம் எழுபத்தைந்து ரூபாய். பட்டதாரி இல்லை என்று மறுத்துவிட்டார்கள். பயிற்சிச் சான்றிதழ் மட்டுமே கையில் வைத்திருக்கும் என் போன்ற வாத்தியார்களுக்கு இதைப் படிக்கும்போது ஒரு சின்ன ஆறுதல் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை!

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். எனக்கு மேடைப் பேச்சு வராது என்று அவர் தெரிந்துகொண்டார். ஆனால் எனக்கு ஒன்றுமே வராது என்று முடிவு கட்டவில்லை. இரண்டும் வேறு வேறு. மனு எழுத நன்றாக வந்தது. ராஜ்கோட்டுக்குத் திரும்பி மனுக்கள் எழுதிக் கொடுத்து மாதம் முந்நூறு ரூபாய்போல் சம்பாதித்தார். கூச்சத்தையும் அவர் பின்னாளில் வேறு விதமாகப் பார்த்தார். பேசத் தயங்கியதால் ஒவ்வொரு வார்த்தையையும் எடை போட்டுப் பேசும் பழக்கம் வந்தது. குறை என்று நினைத்ததே கேடயமாக மாறியது.

தென்னாப்பிரிக்கா கற்றுக்கொடுத்த தொழில்

1893-இல் தாதா அப்துல்லா கம்பெனி என்ற இந்திய வணிக நிறுவனத்தின் வேலையாகத் தென்னாப்பிரிக்கா போனார். ஒரு வருட வேலை, சம்பளம் 105 பவுன். போய்ச் சேர்ந்த சில நாளில், ஜூன் மாதத்தில், முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்தும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் நிறத்தைக் காட்டி ரயிலிலிருந்து தள்ளிவிட்டார்கள். கடுங்குளிர் இரவு. மேல்கோட்டு சாமான்களோடு ரயில்வே அதிகாரி வசம் இருந்தது. கேட்டால் மறுபடி அவமானம் வருமோ என்று கேட்கவில்லை. குளிரில் நடுங்கியபடி யோசித்தார். திரும்பி ஊருக்குப் போவதா? ஏற்ற வேலையை முடிப்பதா? ஏற்றதை விட்டு ஓடுவது கோழைத்தனம் என்று முடிவு செய்து மறுநாள் பயணத்தைத் தொடர்ந்தார்.

பிரிட்டோரியாவில் அவர் பார்க்க வேண்டியது நாற்பதாயிரம் பவுன் வழக்கு. முழுக்க வியாபாரக் கணக்கு. அவருக்கோ கணக்குப் பதிவு முறையே தெரியாது. தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. ஒரு கணக்குப்பதிவு நூலை வாங்கி, உட்கார்ந்து படித்தார். வழக்கின் ஒவ்வொரு தாளையும் புரட்டினார். கடைசியில், தாதா அப்துல்லாவை விட வழக்கின் உண்மைகள் அவருக்கு அதிகம் தெரிந்திருந்தது.

அப்போது இன்னொன்றும் புரிந்தது. வழக்கு நடந்துகொண்டே போனால் இரு தரப்பும் அழிந்துவிடும். அவர்கள் உறவினர்கள் வேறு. இரண்டு பேரிடமும் பேசி, மத்தியஸ்தருக்குச் சம்மதிக்க வைத்தார். தாதா அப்துல்லாவுக்கு முப்பத்தேழாயிரம் பவுனும் செலவுத் தொகையும் தீர்ப்பானது. தோற்றவர் அதை ஒரே தடவையில் கொடுத்தால் திவாலாகிவிடுவார். ஆகவே நீண்ட கால தவணையில் வாங்கிக்கொள்ளும்படி வென்றவரையும் இணங்க வைத்தார். அன்றுதான் தன் தொழில் எது என்று காந்தி கண்டுகொண்டார். வாய்ச்சண்டை போடும் வக்கீல் அல்ல அவர். பிரிந்தவர்களைச் சேர்த்து வைக்கும் வக்கீல். அடுத்த இருபது வருடத் தொழிலில் நூற்றுக்கணக்கான வழக்குகளைச் சமாதானமாகவே முடித்தார். பம்பாயில் நாக்கு எழாதவர், தென்னாப்பிரிக்காவில் நல்ல வருமானம் உள்ள வக்கீலானார்.

பேச்சும் வந்தது. பிரிட்டோரியாவில் இந்திய வணிகர்களைக் கூட்டித் தன் முதல் பொதுக்கூட்டப் பேச்சைப் பேசினார். வெள்ளையரைத் திட்டிப் பேசவில்லை. வியாபாரத்தில் உண்மை, வீட்டில் சுத்தம் என்று நம் பக்கத்துக் குறைகளை முதலில் சொன்னார். விருப்பமுள்ளவருக்கு ஆங்கிலம் சொல்லித் தருவதாகவும் அறிவித்தார். மூன்று பேர் முன்வந்தார்கள். ஒருவர் முடிதிருத்துபவர், ஒருவர் குமாஸ்தா, ஒருவர் சிறு கடைக்காரர். அவர்கள் இடத்துக்கே போய்ச் சொல்லிக் கொடுத்தார்.

பாலசுந்தரமும் நம்மவர்களும்

1894-இல் காந்தி டர்பனில் வக்கீலாக அமர்ந்து சில மாதமே ஆகியிருந்தது. ஒரு தமிழர் அவர் அலுவலகத்துக்கு வந்தார். பெயர் பாலசுந்தரம். ஒப்பந்தக் கூலி. கந்தல் உடை, முன்பல் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம். எஜமான் அடித்த அடி. தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி அழுதுகொண்டு நின்றார். வெள்ளைக்காரர் முன்னால் போகும் ஒப்பந்தத் தொழிலாளி தலைத்துண்டை எடுத்துவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். காந்தியிடமும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று அவர் எண்ணிவிட்டார்.

காந்திக்கு மனசு குறுகிப் போனது. முதலில் துண்டைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். பாலசுந்தரம் தயங்கிக் கட்டினார், ஆனால் முகத்தில் ஒரு மகிழ்ச்சி தெரிந்தது. காந்தியின் குமாஸ்தா தமிழர் ஆனபடியால் விவரமெல்லாம் விளங்கியது. மருத்துவரிடம் அனுப்பிச் சான்று வாங்கி, மாஜிஸ்திரேட்டிடம் போனார். எஜமானைச் சிறையில் போடுவது அவர் நோக்கமல்ல. பாலசுந்தரத்தை அந்த ஒப்பந்தத்திலிருந்து விடுவித்து, வேறு நல்ல எஜமானிடம் மாற்றிவிட்டார். இந்தச் செய்தி ஒப்பந்தத் தொழிலாளர் எல்லாரிடமும் பரவியது. நமக்கும் ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை பிறந்தது.

பெற்றோர்களே, இதை எழுதும்போது என் கை கொஞ்சம் நின்றது. நம்ம பாட்டன் பூட்டன்களும் இப்படித்தான் ஒப்பந்தம், கங்காணி என்று கப்பலேறி வந்தவர்கள். துரையின் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர்கள். தலையில் துண்டைக் கட்டு என்று சொன்ன காந்தி, அந்த மனிதருக்குத் தன் மதிப்பைத் தானே உணர வைத்தார். தன்னை அறிவது என்றால் குறையை மட்டும் அறிவதல்ல. நாமும் மனிதர் என்ற மதிப்பை அறிவதும் அதில் சேரும்.

ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் மீது நேட்டால் அரசு தலைக்கு மூன்று பவுன் வரி போட்டது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்கூட அந்த வரி வந்தது. 1913-இல் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். நவம்பரில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் காந்தியோடு டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தார்கள். தமிழர் அதில் ஏராளம். சிறை சென்ற இளம்பெண் தில்லையாடி வள்ளியம்மை, காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் உயிர் நீத்தார். அதே ஆண்டு அந்த வரி ஒழிந்தது.

வாத்தியார் காந்தி

1910-இல் ஜொஹானஸ்பர்க் நகரிலிருந்து 21 மைல் தொலைவில் டால்ஸ்டாய் பண்ணை அமைந்தது. சிறை சென்றவர்களின் குடும்பங்கள் அங்கே தங்கின. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆள் இல்லை. காந்தியே வாத்தியார் ஆனார். தமிழும் சொல்லிக் கொடுத்தார்! கப்பல் பயணத்திலும் சிறையிலும் புத்தகம் வைத்துத் தாமே படித்த கொஞ்சத் தமிழ்தான். வகுப்பில் உட்கார்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவரை விட நன்றாகத் தமிழ் தெரியும். அவர் மறைக்கவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்று பிள்ளைகளிடம் உள்ளபடி காட்டிக்கொண்டார். அதனால் பிள்ளைகள் அவரை மதிக்காமல் போகவில்லை. அன்பு கூடத்தான் செய்தது.

அங்கே ஒரு முரட்டுப் பையன். ஒரு நாள் சொன்னது எதுவும் கேட்கவில்லை. காந்தி பொறுமை இழந்து ரூல்தடியால் கையில் அடித்துவிட்டார். அடிக்கும்போதே அவர் உடம்பு நடுங்கியது. பையன் அழுதான். அவன் வலி தாங்காமல் அழவில்லை, அடித்தவரின் வேதனையைப் பார்த்து அழுதான். அது தப்பு என்று காந்தி உணர்ந்தார். அதற்குப் பின் மாணவரை அடித்ததில்லை.

இங்கே என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடித்து வேலைக்கு வந்த முதல் வருடம். கரும்பலகையில் ஒரு பின்னக் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டேன். வெட்டுக்காட்டில் வேலை செய்யும் ஒரு தாயின் மகன், கையைத் தூக்கி, சார், அது தப்பு என்றான். எனக்கு முகம் சிவந்துவிட்டது. வாயாடி என்று சொல்லி அவனை வெளியே நிற்க வைத்தேன். அன்று சாயங்காலம் வீட்டில் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி. மறுநாள் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் அதற்குப் பிறகு கையே தூக்கவில்லை. சில மாதத்தில் குடும்பம் வேறு தோட்டத்துக்கு மாறிப் போய்விட்டது. காந்தி தமிழ் சொல்லிக் கொடுத்த கதையைப் பிறகுதான் படித்தேன். ஒரு பிள்ளையின் கையை நான் இறக்கி வைத்தேன் என்ற எண்ணம் இன்றும் எனக்குள் இருக்கிறது. இப்போது என் வகுப்பில் என் தப்பைக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு நான் நன்றி சொல்கிறேன்.

வீட்டிலும் நாட்டிலும்

வெளியே பெரிய மனிதர், வீட்டிலே முரடர் என்று பலர் இருக்கிறார்கள். காந்தியும் அந்தக் குற்றத்துக்குத் தப்பவில்லை. 1898-இல் டர்பன் வீட்டில், தம்முடன் தங்கியிருந்த குமாஸ்தாவின் மலச்சட்டியைச் சிரித்த முகத்தோடு எடுக்க வேண்டும் என்று மனைவியை வற்புறுத்தினார். கஸ்தூரிபாய் கண்ணீரோடு எடுத்தார். அதுவும் போதாது என்று கோபம் மிஞ்சி, கையைப் பிடித்து வாசல் கதவு வரை இழுத்துப் போய்விட்டார். வேற்றூரில் நான் எங்கே போவேன், வெட்கமில்லையா என்று அந்த அம்மையார் கேட்ட பிறகுதான் நிதானம் வந்தது. இதை வேறு யாரும் வெளியே சொல்லவில்லை. அவரே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். 1925 முதல் 1929 வரை நவஜீவன் இதழில் வாரந்தோறும் வந்த அந்த வரலாறு, தமிழில் சத்திய சோதனை என்று பெயர் பெற்றது.

இந்தியா திரும்பிய பிறகும் அவர் மாறவில்லை. 1919-இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்து இயக்கம் நடந்தபோது சில ஊர்களில் வன்முறை வெடித்தது. மக்கள் தயாராகுமுன் அவசரப்பட்டுவிட்டேன், இது இமயமலை அளவு தவறு என்று எல்லார் முன்னிலும் ஒப்புக்கொண்டார். 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் கூட்டம் போலீஸ் நிலையத்துக்குத் தீ வைத்துக் காவலர்களைக் கொன்றது. நாடு முழுவதும் நடந்துகொண்டிருந்த இயக்கத்தையே நிறுத்திவிட்டு, ஐந்து நாள் உண்ணாநோன்பு இருந்தார். கூட இருந்தவர்களே வருத்தப்பட்டார்கள். கைதட்டலை விட மனச்சாட்சியை அவர் பெரிதாக எண்ணினார். லண்டனில் கண்ணாடி முன் நின்று வகிடு எடுத்தவர், 1921 செப்டம்பரில் நம்ம மதுரையில்தான், ஏழை மக்களைப் போல இடுப்பில் ஒரு முழத்துண்டு போதும் என்று உடையை மாற்றிக்கொண்டார்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மூத்த மகன் ஹரிலாலுக்குத் தன்னைப்போல் லண்டன் சென்று படிக்க ஆசை இருந்தது. தந்தை அதற்கு வழி விடவில்லை. 1911-இல் மகன் பிரிந்து போனார். அந்தப் பிளவு கடைசிவரை முழுதாக ஆறவில்லை. ஊருக்கெல்லாம் சமாதானம் செய்து வைத்தவர் வீட்டில் இப்படி ஒரு காயம். தன்னை இவ்வளவு கணக்குப் பார்த்தவருக்கும் ஒரு பக்கம் சரியாகக் கூடவில்லை. அப்படியானால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! பிள்ளையின் ஆசை என்ன என்று ஒரு நாளாவது உட்கார்ந்து கேட்போமே, பெற்றோர்களே.

1948 ஜனவரி 30-ஆம் நாள் டில்லியில் பிரார்த்தனைக்குப் போகும் வழியில் காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் விட்டுச் சென்ற சொந்தப் பொருள்கள் ஒரு கை அளவுதான்.

நாம் செய்யக்கூடியது

மாணவச் செல்வங்களே! இன்று சிலர் மேடையேறிப் பரிசு வாங்குவீர்கள். பலர் கீழே உட்கார்ந்து கை தட்டுவீர்கள். பரிசு வாங்கியவர்கள், எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்க வேண்டாம். வாங்காதவர்கள், எனக்கு ஒன்றும் வராது என்று நினைக்கவே வேண்டாம். லத்தீனில் தோற்றவர், பேச முடியாமல் உட்கார்ந்தவர், வாத்தியார் வேலை கிடைக்காதவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

கடையில் ஒரு சின்ன 555 புத்தகம் வாங்குங்கள். இரவு படுக்குமுன் மூன்று வரி எழுதுங்கள். இன்று எனக்கு எது நன்றாக வந்தது? எது வரவில்லை? யாரிடம் தப்பாக நடந்தேன்? யாருக்கும் காட்ட வேண்டாம். பொய் மட்டும் எழுத வேண்டாம். ஒரு மாதம் கழித்துத் திருப்பிப் பாருங்கள். எங்கே பாடுபட வேண்டும் என்று அந்தப் புத்தகமே சொல்லும்.

பெற்றோர்களே! தேர்ச்சி அறிக்கை வீட்டுக்கு வரும் நாளில், சிவப்பு எண்ணைப் பார்த்ததும் கை ஓங்க வேண்டாம். வேலை முடிந்து களைத்துத்தான் வருகிறீர்கள், தெரியும். ஆனாலும் பத்து நிமிடம் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். எது உனக்குப் பிடிக்கிறது? எது கஷ்டமாக இருக்கிறது? அந்தக் கடிதத்தைப் படித்த தந்தை அடித்திருந்தால், மோகன்தாஸ் அடுத்த முறை உண்மையை எழுதியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

நானும் ஒரு புத்தகம் வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் அந்தப் பையனையும் அந்தப் பின்னக் கணக்கையும் எழுதி வைத்திருக்கிறேன். அவன் இந்த மலரை எங்காவது படிக்க நேர்ந்தால், அன்று அவன் சொன்ன விடைதான் சரி என்று இதன் மூலம் அவனுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

வாழ்க மாணவச் செல்வங்கள்! வளர்க நம் தமிழ்ப்பள்ளி!